பால் வாங்கப் போகும் தூரம்

மைசூரில் ஒரு பேட்டை குடியிருக்க ஏற்றதா என்று தெரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவர் காலையில் படியிறங்கி, நந்தினி பூத்தில் அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் வீடு திரும்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும். அதே தெருவில் எட்டு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு தனியாகப் பள்ளிக்கு நடந்து போக முடிந்தால், அந்தத் தெரு எல்லோருக்கும் ஆகும்.

இந்தக் கணக்கை மீட்டரிலும் போடலாம். நகரத் திட்டக்காரர்கள் ‘ஐந்து நிமிட நடை’ என்று சொல்வது 400 மீட்டர். 1929இல் அமெரிக்கத் திட்டவியலாளர் கிளாரன்ஸ் பெரி ஒரு பேட்டை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியபோது வைத்த கால் மைல் அளவு அதுதான்: நடுவில் தொடக்கப் பள்ளி, ஓரங்களில் கடைகள், எந்த வீட்டிலிருந்தும் பள்ளிக்குக் கால் மைலுக்கு மேல் போகக்கூடாது. நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறவருக்கு அது ஐந்தரை நிமிடம். பிரிட்டனில் 65 வயதைக் கடந்தவர்களை அளந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்களின் சராசரி நடைவேகம் நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. பெண்களின் அந்த வேகத்தில் 400 மீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். போக எட்டு, வர எட்டு, திரும்பும்போது கையில் கனம். வழியில் உட்கார ஒரு திட்டு இல்லையென்றால் அந்தத் தூரம் முதியவருக்குப் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

மைசூருக்கு ‘ஓய்வூதியர்களின் சொர்க்கம்’ என்ற பெயர் வந்து பல தலைமுறை ஆயிற்று. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரம், இதமான காற்று, கே.ஆர். மருத்துவமனை, பல்கலைக்கழகம், நூலகங்கள், கச்சேரிகள் என்று காரணங்கள் பல. ரயில்வே பணிமனை, உணவுத் தொழில்நுட்ப ஆய்வகமான சி.எஃப்.டி.ஆர்.ஐ., பேச்சு–கேட்பு நிறுவனம், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் என்று மத்திய அரசின் வேலைகள் இங்கே நிறைய. அவற்றுக்காக வந்த தமிழ்க் குடும்பங்களில் பல ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டன. 2011 கணக்கெடுப்பில் கர்நாடக மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 9.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியா முழுவதற்கும் இந்த விகிதம் 2050க்குள் 20.8 விழுக்காட்டைத் தொடும். ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் நாட்டில், முதியோருக்கு முன்பே பேர்போன ஊர் எப்படி வீடு கட்டுகிறது, தெரு போடுகிறது என்பது மைசூரோடு முடிகிற விஷயம் இல்லை.

பழைய மைசூர் இந்தக் கேள்விக்கு ஒருமுறை நல்ல விடை சொல்லியிருக்கிறது. அந்த விடை பிறந்தது நோயில். 1898இல் பெங்களூரில் நுழைந்த பிளேக் மைசூரையும் பிடித்தது. நெருக்கியடித்த கோட்டைப் பகுதியும் சாக்கடை தேங்கிய சந்துகளும் சாவுக்குக் காரணம் என்று அரசு முடிவு செய்தது. 1903இல் நகர மேம்பாட்டுக்கென்று ஒரு டிரஸ்ட் போர்டு சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. பம்பாயில் 1898இல் இப்படி ஒரு டிரஸ்ட் வந்திருந்தது. கல்கத்தாவுக்கு அது வந்தது இன்னும் பல ஆண்டுகள் கழித்துத்தான். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் சந்துகள் விரிந்தன, கழிவுநீர்க் கால்வாய்கள் ஓடின, சாமராஜபுரம், லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், வொண்டிகொப்பல் என்று விரிவாக்கப் பேட்டைகள் வளர்ந்தன.

இந்தப் பேட்டைகளில் இன்று நடந்து பார்த்தாலும் ஒரு கணக்கு தெரியும். அக்ரஹாரத்தில் வாணி விலாஸ் மார்க்கெட். அங்கிருந்து வெகுதூரம் போகாமலே கோயில், பள்ளிக்கூடம், டாக்டர் கிளினிக், மருந்துக்கடை, மாவு மில், தையல்காரர். சாமராஜபுரத்தில் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சின்ன ரயில் நிலையம்கூட இருக்கிறது. வொண்டிகொப்பலில் கோயிலும் குளமும் காளிதாஸ சாலைக் கடைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. பெரிய பங்களா ஒரு வீதியில், ஓட்டு வீடு அடுத்த வீதியில். நீதிபதியின் வீட்டுக்கும் குமாஸ்தாவின் வீட்டுக்கும் காய்கறி ஒரே கடையில்.

நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் இந்த நகரத்தில் எழுதியதெல்லாம் நடந்துதான். நாள்தோறும் கிளம்பி, வழியில் கடைக்காரரோடும் வக்கீலோடும் பேசி, கதை பொறுக்கிக்கொண்டு வருவது அவர் வழக்கம். யாதவகிரியில் 1950களில் அவர் கட்டிய வீட்டை 2011இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்து, மாநகராட்சி வாங்கிப் பழுதுபார்த்து, 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. முதுமையில் உடல்நலம் குன்றியபோது அவர் மைசூரை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். 2001இல் அங்கேதான் காலமானார். நடந்தே ஓர் ஊரை எழுதிய மனிதருக்கும் கடைசிக் காலத்தில் உறவினர் அருகில் இருப்பதுதான் முக்கியமாயிற்று. நல்ல தெரு மட்டும் போதாது, வேண்டியவர்கள் எட்டும் தூரத்தில் வாழவும் வேண்டும் என்பதற்கு மைசூரிலேயே இருக்கிற சான்று இது.

பழைய பேட்டைகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் வீடுகளின் பின்னால் குறுகலான சந்துகள் ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் கன்சர்வன்சி லேன் என்பார்கள். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலம் அள்ளும் தொழிலாளிகள் வீட்டு வாசல் பக்கம் வராமல் பின்பக்கமாகவே வந்து போவதற்காக விடப்பட்ட வழி அது. 1970களின் தொடக்கத்தில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பசவலிங்கப்பா மலத்தைத் தலையில் சுமப்பதைத் தடுத்தார். தொழில் போனது, சந்து நின்றது. சில இடங்களில் குப்பைமேடு, சில இடங்களில் ஆக்கிரமிப்பு, சில இடங்களில் மாநகராட்சி கல் பாவி விளக்குப் போட்டிருக்கிறது. வீதிக்கு வீதி வாகனம் படாமல் நடந்து போக இதைவிட நல்ல வழி எந்தப் புதிய லேஅவுட்டிலும் கிடையாது. ஒதுக்குவதற்காக விடப்பட்ட சந்தை எல்லோரும் நடக்கும் வழியாக மாற்றினால், செலவும் குறைவு, ஒரு பழைய அநீதிக்குச் சிறிய திருத்தமும் ஆகும்.

வாசல் பக்கத்துக்கு வருவோம். இந்தப் பேட்டைகளில் ஒரு நடைபாதையை நூறு அடிக்கு மட்டும் உற்றுப் பார்த்தால் விஷயம் முழுக்க விளங்கிவிடும். முதல் வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்கு கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் சிமென்ட் சரிவு போட்டிருக்கிறார். நடைபாதை அங்கே ஓர் அடி சாய்கிறது. இரண்டாம் வீட்டுக்காரர் கம்பி வேலி கட்டிச் செம்பருத்தியும் துளசியும் வளர்க்கிறார். அடுத்து ஒரு டிரான்ஸ்பார்மர். அதைச் சுற்றிப் போனால் கால்வாய் மேல் சிலாப் ஒன்று உடைந்து, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒரு ஸ்கூட்டர் வரிசை. கைத்தடியோடு வருகிற அம்மா முதல் சரிவிலேயே ரோட்டில் இறங்கிவிடுகிறார், திரும்ப ஏறுவதில்லை. யாரும் அவரைத் தள்ளவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வாசலைக் கொஞ்சம் வசதி செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வகுத்த விதி தெளிவானது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறு அடி; விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முட்டிவலிக்காரருக்கு ஆறு அங்குலமே அதிகம். நம் ஊர்களில் ஓர் அடி, ஒன்றரை அடி என்று கட்டிவைத்த நடைபாதைகளைப் பார்க்கிறோம். அவற்றில் ஏறி இறங்குவதைவிட ரோட்டில் நடப்பது சுலபம் என்று கால் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவின் விலை பெரிது: 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்துபோனவர்கள் 32,825 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. இனி இது நகர அழகு பற்றிய பேச்சு இல்லை.

ரோட்டைக் கடப்பது அடுத்த கண்டம். அறுபது அடி ரோடு என்றால் 18 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்து சிக்னல் போட்டால் 15 நொடி. 0.8 வேகத்தில் நடக்கும் பாட்டிக்கு 22 நொடிக்கு மேல் வேண்டும். மிச்சம் ஏழு நொடி அவர் நடுரோட்டில் நிற்கிறார். சிங்கப்பூரில் 2009 முதல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மூத்த குடிமக்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் ஒற்றினால் பச்சை விளக்கு இன்னும் சில நொடிகள் நீடிக்கும். அவ்வளவு கருவிகூட வேண்டாம். குவெம்புநகர், சரஸ்வதிபுரம் போன்ற இடங்களின் அகலச் சாலைகளில் நடுவே நின்று மூச்சுவிட ஒரு திட்டு, கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய ஒரு மேடு, இரண்டும் போதும். மேடு வேகத்தைக் குறைக்கும், திட்டு கால்களுக்கு ஓய்வு தரும்.

உட்கார இடமும் கழிப்பிடமும் இல்லாமல் நடைபாதை மட்டும் இருந்து பயனில்லை. இதைப் பொறியாளர்கள் அதிகம் பேசுவதில்லை. சர்க்கரை நோயுள்ள எந்தப் பெரியவரும் உடனே சொல்வார். பழைய அக்ரஹார வீடுகளில் ஜகலி என்ற திண்ணை இருந்தது. நடந்து களைத்தவர் யார் வீட்டு ஜகலியிலும் உட்காரலாம். அங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் கண்ணில் படாமல் தெருப்பிள்ளை எதுவும் தப்பிப் போகாது. இன்று அந்த வீடுகள் இடிந்து மூன்று மாடி எழும்போது தரைத்தளம் முழுவதும் காருக்குப் போகிறது. தெருவைப் பார்த்த முகம் ஷட்டராகிவிடுகிறது. பூங்காக்களில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் பெஞ்சுகள் உண்டு, ஆனால் பல பூங்காக்கள் காலையிலும் மாலையிலும் மட்டுமே திறக்கின்றன. குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி ஏறத்தாழ நாலரை கிலோமீட்டருக்கு அருமையான மண்பாதை இருக்கிறது. அங்கே நடக்க வருகிறவர்களில் எத்தனையோ பேர் ஸ்கூட்டரிலும் காரிலும் வந்து இறங்குகிறார்கள். வீட்டிலிருந்து ஏரி வரைக்கும் நடக்க வழி இல்லை.

நிழலும் இதே கணக்கில்தான் சேரும். மைசூரின் மரங்கள்தான் மைசூரை நடக்கும் ஊராக வைத்திருந்தன. 2025 ஏப்ரலில் ஹைதர் அலி சாலையில் சாலையை அகலப்படுத்த 40 மரங்களை வெட்டியபோது ஊர் கொதித்ததற்குக் காரணம் உண்டு. மே மாத வெயிலில் நிழலில்லாத 400 மீட்டரை ஒரு முதியவர் நடக்கவே மாட்டார்.

இதுவரை சொன்னது பழைய மைசூர். ஊரில் பாதிக்கு மேல் இன்று வேறு மாதிரி. விஜயநகர், தத்தகள்ளி, போகாதி, ஸ்ரீராம்புரம் என்று மைசூர் வெளிநோக்கி விரிந்தது. சுமார் 42 கிலோமீட்டர் நீள வெளிவட்டச் சாலை வந்தது. 2023 மார்ச்சில் பெங்களூர் விரைவுச் சாலை திறந்தது. மனை விலை ஏறிக்கொண்டே போயிற்று. மைசூர்க்காரர் பேச்சில் ‘சைட்’ என்ற சொல் படும் பாடு கொஞ்சமில்லை: முப்பதுக்கு நாற்பது சைட், அறுபதுக்கு நாற்பது சைட், கார்னர் சைட், சி.ஏ. சைட், ரெவென்யூ சைட். 1903இன் டிரஸ்ட் போர்டுக்கு வாரிசாக 1980களின் இறுதியில் வந்த மூடா என்கிற நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் பெரும்பாலும் செய்தது சைட் பிரித்துக் கொடுப்பதைத்தான். 2024இல், நிலம் கொடுத்தவர்களுக்கான அதன் 50:50 மாற்று மனை ஒதுக்கீடு முறைகேட்டுப் புகாரால் நாடு முழுவதும் செய்தியானது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். திட்டமிடலைப் பற்றி யோசிக்கிறவர் கவனிக்க வேண்டியது இதுதான்: வீட்டுமனை இங்கே குடியிருக்கும் இடம் என்பதிலிருந்து ரொக்கம் என்ற நிலைக்குப் போய்விட்டது.

ரொக்கமான மனையில் யாரும் வீடு கட்டத் தேவையில்லை. அதனால்தான் லேஅவுட் போட்டுப் பல வருஷம் ஆன பிறகும் நாலு வீட்டுக்கு ஒரு காலி மனை, அதில் பார்த்தீனியமும் குப்பையும். காலி மனை நடையைக் கெடுக்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மளிகைக் கடை பிழைக்க அதைச் சுற்றி இத்தனை குடும்பம் வேண்டும். பாதி மனை காலியாக இருந்தால் கடை இரண்டு மடங்கு தூரத்தில் ஒன்றுதான் வரும். பஸ்ஸும் அப்படியே, கிளினிக்கும் அப்படியே. இருட்டிய பிறகு காலி மனைகளை ஒட்டி நடக்கப் பெண்கள் தயங்குகிறார்கள், நாய்களுக்கு முதியவர்கள் பயப்படுகிறார்கள். முப்பது அடி ரோடும் பூங்காவும் வரைபடத்தில் ஒழுங்காக இருந்தும் அந்த லேஅவுட்டில் யாரும் நடப்பதில்லை.

இங்கேதான் ‘நடக்கத்தக்க’ என்பதும் ‘கட்டுப்படியாகிற’ என்பதும் ஒரே கேள்வியாகிவிடுகின்றன. இரண்டையும் பிரித்தே பேசி வருகிறோம். நடைபாதை மாநகராட்சியின் வேலை, ஏழை வீடு குடிசை மாற்று வாரியத்தின் வேலை என்று. ஆனால் எழுபத்தைந்து வயதுத் தம்பதி ஒன்று நிம்மதியாக வாழ யார் யார் வேண்டும்? சமைக்க உதவும் பெண், வீடு பெருக்குபவர், தெருவைக் கூட்டும் பௌரகார்மிகர், கீரை தள்ளுவண்டிக்காரர், ஊசி போட வரும் நர்ஸ், பிளம்பர், ஆட்டோக்காரர். இவர்களுக்கு அந்தப் பேட்டையில் வாடகை கட்டுப்படி ஆகவில்லை என்றால் ஊருக்கு வெளியே போகிறார்கள். அப்புறம் காலை ஆறரைக்கு வர வேண்டியவர் பஸ் பிடித்து எட்டரைக்கு வருகிறார், அல்லது வருவதில்லை. துணைக்கு வருகிற பெண் நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பதுதான் முதியவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு. அவருக்கு மலிவான வீடு இருக்க வேண்டும் என்பது தர்மத்துக்காகச் செய்வது இல்லை. அந்தப் பேட்டை இயங்க அது இல்லாமல் முடியாது.

பழைய மைசூரில் இதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வடாரா என்பார்கள். நடுவில் முற்றம், சுற்றி ஒரு அறையும் சமையல்கட்டும் கொண்ட சிறு வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். தமிழில் ஒண்டுக்குடித்தனம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். கும்பகோணத்திலும் திருவல்லிக்கேணியிலும் வளர்ந்தவர்களுக்கு ஸ்டோர் வீடு. சண்டையும் உண்டு, சத்தமும் உண்டு, ராத்திரி மூச்சுத்திணறினால் கதவைத் தட்ட நாலு வீடும் உண்டு. ஏழை விதவையும் புதுமணத் தம்பதியும் ஊரின் நடுவிலேயே வாழ அது இடம் கொடுத்தது. அந்த முற்றத்தைத் தனிக் கழிப்பறை, சாய்தளம், கைப்பிடி ஆகியவற்றோடு இன்றைய சட்டத்துக்கு ஏற்பக் கட்ட முடியாதா? 40க்கு 60 என்ற ஒரே மனையில் 20க்கு 30 மனைகள் நாலு அடங்கும். ஒரு முற்றத்தைச் சுற்றித் தரைத்தளத்தில் முதியவர்களுக்கும் மாடியில் சிறு குடும்பங்களுக்கும் ஏழெட்டு வீடுகள் தாராளமாகக் கொள்ளும். தடை மண்ணில் இல்லை. மனைக்கு இத்தனை வீடு, வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்று கட்டும் விதிகளில் இருக்கிறது.

வாடகையிலும் மைசூரில் வேறொரு முறை உண்டு. போக்கியம். மாத வாடகை கிடையாது. ஒரு பெருந்தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தமிழ்நாட்டில் ஒத்தி என்பது இதன் உறவு. ஓய்வுபெற்ற தம்பதி தங்கள் வீட்டு மாடியைப் போக்கியத்துக்கு விட்டால் கையில் ஒரு தொகை, மேலே ஒரு குடும்பம், வாசலில் ஒரு குழந்தையின் சத்தம். இளம் குடும்பத்துக்கு மாதா மாதம் வாடகை மிச்சம். ஆனால் பெரும்பாலும் வெறும் பத்திரத்தில் எழுதி முடிக்கிறார்கள். வீட்டுக்காரர் கடனில் மூழ்கினால் குடியிருப்பவரின் தொகை அந்தரத்தில் நிற்கிறது. எளிய பதிவு முறை ஒன்று செய்து, தொகைக்குப் பாதுகாப்பு கொடுத்தால், அரசு ஒரு செங்கல்கூட வைக்காமல் ஆயிரக்கணக்கான மாடி வீடுகள் நல்ல பேட்டைகளிலேயே கிடைக்கும்.

மாறாகச் சந்தை இன்று முன்வைக்கும் வழி வேறு. கோயம்புத்தூர் இதில் நாட்டுக்கே முன்னோடி. வடவள்ளி போன்ற இடங்களில் முதியோருக்கென்றே சுவர் எழுப்பிய குடியிருப்புகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன, மைசூரைச் சுற்றியும் அதே பேச்சு. அவற்றைக் குறைசொல்லித் தள்ளிவிடுவது நியாயமில்லை. பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருக்க, சமையலும் மருத்துவமும் இரவுக் காவலும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய நிம்மதி. வழுக்காத தரையும் அவசர மணியும் அங்கே விதியாகவே இருக்கின்றன. 2019இல் மத்திய அரசு இத்தகைய வீடுகளுக்கு மாதிரி நெறிமுறையும் வெளியிட்டது. ஆனால் நிலம் மலிவாகக் கிடைப்பதற்காக அவை ஊருக்கு வெளியே போகின்றன. உள்ளே நடைபாதை, வெளியே நெடுஞ்சாலை. குழந்தைகள் விருந்தாளிகளாக மட்டும் வருகிறார்கள். முன்பணமும் மாதக் கட்டணமும் கட்ட முடிகிறவர் சிலர்தான். இன்னொரு முனையில் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேருக்கு இடமுள்ளதாக அமைக்கச் சொல்கிறது. பணக்காரருக்கு ஒரு வளாகம், ஆதரவற்றவருக்கு ஓர் இல்லம் என்று இரண்டையும் வைத்துவிட்டால், இடையில் இருக்கிற பெருங்கூட்டம் எங்கே போகும்? அது இருந்த இடத்திலேயே மூப்படையும். ஆகவே இருந்த இடத்தைத் திருத்துவதுதான் தலையாய வேலை.

புதிதாகக் கட்டுவதானால் பார்க்க வேண்டிய இடம் சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டி. 11 மாடிக் கட்டடம் இரண்டில் முதியோருக்கான 104 சிறு வீடுகள். கீழே பொதுத்திடல், அதற்கு மேல் மலிவு உணவங்காடி, மருத்துவ மையம், பக்கத்துப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகமும் முதியோர் பகல் மையமும். 2018இல் உலகக் கட்டடக் கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அங்கே நிலம் அரசுடையது, மக்களில் ஐந்தில் நான்கு பேர் வீட்டு வாரிய வீடுகளில் வாழ்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் காப்பகத்தையும் முதியோர் மையத்தையும் ஒரே கூரையில் வைப்பதற்குப் பணம் தடையில்லை. ஒவ்வொரு லேஅவுட்டிலும் பொதுப் பயனுக்கென்று விட்ட சி.ஏ. சைட் இருக்கிறது. சங்கங்களுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் போகும் அந்த மனைகளில் ஒன்றையாவது கிளினிக், அங்கன்வாடி, முதியோர் பகல் மையம், மேலே சிறு வாடகை வீடுகள் என்று கட்டலாம்.

பழையதைத் திருத்துவதற்கும் நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றியபோது தஞ்சாவூரில் ஒரு கருத்தை வைத்தார். சந்துகளை இடித்து நேர்ச்சாலை போடும் பொறியாளர் திட்டத்துக்கு மாற்றாக, இடிந்துகிடக்கும் சில வீடுகளை மட்டும் எடுத்து, அங்கே மரமும் திறந்த இடமும் வைத்து, மிச்சத்தை அப்படியே காப்பது. செலவும் குறைவு, யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம். மைசூரின் தேவராஜ மார்க்கெட்டை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்ற வாதத்தில் இதை நினைவில் கொள்ள வேண்டும். 2012இல் அதன் அருகிலுள்ள பழைய லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016இல் மார்க்கெட்டின் வடக்குப் பகுதி சரிந்தது. ஆபத்து உண்மையானது. ஆனால் நகரின் நடுவில், டவுன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பூவும் வாழைப்பழமும் மலிவாகக் கிடைக்கும் ஒரு சந்தையைப் பழுதுபார்க்காமல் இடித்தால் இழப்பு கட்டடம் மட்டும் இல்லை.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017இல் 450 சைக்கிள்களோடும் 48 நிலையங்களோடும் தொடங்கிய டிரின் டிரின் வாடகை சைக்கிள் திட்டம் மாணவர்களுக்கு நல்லது, முதியவருக்கு உதவாது. 2023 ஜூன் முதல் ‘சக்தி’ திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை; மூத்த குடிமக்களுக்குத் தனியே 25 விழுக்காடு சலுகை உண்டு. டிக்கெட் இலவசமாகியும் பஸ் படி உயரமாகவே இருக்கிறது. நிறுத்தம் வரைக்கும் நடைபாதை இல்லை. சலுகையின் பாதிப் பயன் அங்கேயே வீணாகிறது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை வகுத்து, 2019இல் பாண்டி பஜாரை நடப்பவருக்குத் திருப்பிக் கொடுத்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது கடைவீதி. வீட்டு வாசலிலிருந்து கடைவீதி வரைக்கும் உள்ள தெருவைப் பெரும்பாலான ஊர்கள் இன்னும் கையில் எடுக்கவில்லை.

மைசூர் எடுக்கலாம். 2015இலும் 2016இலும் நாட்டின் தூய்மையான நகரம் என்ற பெயரை வாங்கிய ஊர் இது. குப்பை பிரிப்பது ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் தொடங்கியதால்தான் அது நடந்தது. நடைபாதையும் அப்படித்தான். ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, அதில் பால் பூத், ரேஷன் கடை, பள்ளி, கிளினிக், பஸ் நிறுத்தம் ஐந்தையும் இணைக்கும் தெருக்களை மட்டும் முதலில் சரிசெய்ய வேண்டும். இருநூறு அடிக்கு ஒரு இருக்கை வைத்து, திறந்திருக்கும் ஒரு கழிப்பிடத்துக்கும் வழி செய்ய வேண்டும். அதே வார்டில் மாடி வீடு வாடகைக்கு விடுகிறவருக்குச் சொத்து வரியில் சலுகை தர வேண்டும். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போகலாம்.

அதற்கு முன் வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் மைசூரில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும், ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் கேட்டுக்கு வெளியே வாருங்கள். சிமென்ட் சரிவு, வேலி, பூந்தொட்டி, நிறுத்திய வண்டி எல்லாம் போக ஆறு அடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் சரிவைக் காம்பவுண்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டுங்கள், வேலியைப் பிரித்துவிடுங்கள். நாளைக் காலை உங்கள் வாசலைத் தாண்டிப் பால் வாங்கப் போகிறவர் ரோட்டில் இறங்க வேண்டியிருக்காது.